யானை யாருடையது? ஆப்பிரிக்கக் கிராமங்களும் வேட்டை உரிமையும்

பாலைநடையன் | திங்கள், இரவு 9.40

நண்பர்களே,

போன வாரம் இங்கே ஒருவர் ஒரு படம் பகிர்ந்திருந்தார். செத்துக் கிடக்கும் யானை, பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு வெளிநாட்டுக்காரர். கீழே வந்த மறுமொழிகள் எல்லாம் கோபம். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த யானை நடமாடிய மண்ணில் குடியிருப்பவர்கள் யார், இதில் அவர்கள் பேச்சுக்கு மதிப்பு உண்டா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதற்காகவே இந்தத் தனி இழை.

2006 முதல் ஆறு ஆண்டுகள் நமீபியாவில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தேன். பெரும்பாலும் வடமேற்கில், குனேனே பகுதியில். மழை பெய்தால் அதிசயம் என்கிற ஊர்கள் அவை. அங்கே ஆடு மேய்ப்பவரும் யானையும் ஒரே கிணற்றுக்குத்தான் வர வேண்டும்.

முதலில் பழைய கதை. தென்னாப்பிரிக்கா அந்த நாட்டை ஆண்ட காலத்தில், 1960களின் இறுதியிலேயே வெள்ளைக்கார விவசாயிகளுக்குத் தங்கள் பண்ணையிலுள்ள மான்கள் மீது உரிமை கிடைத்துவிட்டது. 1975 ஆணை அதை இன்னும் உறுதியாக்கியது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பொது நிலங்களில் மட்டும் எல்லா விலங்கும் அரசுடையது. வேலிக்கு இந்தப் பக்கம் பண்ணைக்காரர் சுட்ட குடு மான் அவருடைய விளைச்சல். அதே மானை அந்தப் பக்கம் ஒரு டமாரா இனக் கிழவர் பசிக்குச் சுட்டால் சிறை. 1980களின் தொடக்கத்தில் கொடும் வறட்சி வந்தது. கள்ளவேட்டையும் சேர்ந்தே வந்தது. அதில் அரசு அதிகாரிகளுக்கும் பங்கு இருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை. யானையும் கருப்புக் காண்டாமிருகமும் அழியும் நிலைக்கு வந்தன.

அப்போது கார்த் ஓவன்-ஸ்மித் என்ற வனவிலங்குப் பணியாளர் ஜோஷுவா காங்கோம்பே போன்ற ஊர்த் தலைவர்களிடம் போய்ப் பேசினார். தலைவர்களே தங்கள் ஊரில் ஆட்களைத் தேர்ந்து காவலுக்கு அனுப்பினார்கள். அவர்களில் சிலர் முன்னாள் வேட்டைக்காரர்கள், தடம் பார்க்கத் தெரிந்தவர்கள். சின்னச் சம்பளமும் ரேஷனும்தான் கூலி. கள்ளவேட்டை சில ஆண்டுகளில் அடங்கியது. துப்பாக்கியும் ஜீப்பும் வைத்திருந்த அரசுக்கு முடியாததை ஊர்க்காரர்கள் செய்தார்கள்.

1990இல் விடுதலை. 1996இல் சட்டத் திருத்தம். எல்லையை அக்கம்பக்கத்து ஊர்களோடு பேசி முடித்து, உறுப்பினர் பட்டியல் போட்டு, குழு அமைத்து, விதிமுறை எழுதி, வருமானத்தை எப்படிப் பங்கிடுவோம் என்று காட்டினால் அந்த ஊர் 'கன்சர்வன்சி'யாகப் பதிவாகலாம். நான் அதை ஊர்க் காப்பகம் என்று எழுதப்போகிறேன். 1998இல் முதல் நான்கு பதிவாயின: நையே நையே, டோரா, கோயாடி ஹோவாஸ், சாலம்பாலா. இன்று 86. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. 1990களின் நடுவில் ஏழாயிரத்து ஐந்நூறு அளவில் இருந்த நமீபியாவின் யானைகள் பிறகு இருபதாயிரத்தைத் தாண்டின.

இந்தக் காப்பகங்களின் வருமானத்தில் ஒரு பகுதி சுற்றுலா விடுதிகளிலிருந்து வருகிறது. இன்னொரு பகுதி, சுட அனுமதி வாங்கும் வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் கட்டும் பணம். இதை மறைக்க நான் விரும்பவில்லை. பேசலாம்.

---

கொன்றை | திங்கள், இரவு 11.05

வணக்கம் பாலைநடையன் ஐயா. விரிவாக எழுதியதற்கு நன்றி. ஆனால் நான் அந்தக் கோபக்காரர்களில் ஒருத்தி. இன்னும் அப்படித்தான்.

நீங்கள் 'விளைச்சல்' என்று எழுதினீர்கள். அந்தச் சொல்லில்தான் என் மனம் முட்டி நிற்கிறது. யானை நெல் இல்லை. தாய், அத்தை, பாட்டி என்று கூட்டமாக வாழ்கிற உயிர். பாட்டி யானைக்குத் தெரிந்த நீர்நிலை பேத்திக்குத் தெரிய பல ஆண்டுகள் ஆகும். பெரிய தந்தமுள்ள கிழட்டு ஆண்தானே யாருக்கும் தேவையில்லை, அதைச் சுடலாம் என்கிறார்கள். இளம் ஆண் யானைகளை அடக்கி வைப்பதே அந்தக் கிழவன்தான். தென்னாப்பிரிக்காவின் பிலானெஸ்பெர்க்கில் பெரியவர்கள் இல்லாமல் வளர்ந்த இளம் ஆண் யானைகள் காண்டாமிருகங்களைக் கொன்றன. மூத்த ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்ட பிறகே அது நின்றது.

2014 ஜனவரியில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஒரு நமீபியக் கருப்புக் காண்டாமிருகத்தைச் சுடும் அனுமதியை ஏலம் விட்டார்கள். 3,50,000 டாலருக்குப் போனது. மறு ஆண்டு அந்த மிருகத்தைச் சுட்டார்கள். அழிவின் விளிம்பிலுள்ள ஒரு மிருகத்துக்கு விலைச்சீட்டு ஒட்டியதைப் 'பாதுகாப்பு' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

கென்யா 1977இலேயே வேட்டையைத் தடை செய்தது. சுற்றுலா அங்கே கொழிக்கிறது. கேமராவோடு வருபவர் அதே சிங்கத்தை ஆயிரம் தடவை 'சுடலாம்'. துப்பாக்கியோடு வருபவருக்கு ஒரு தடவைதான். பிறகு எதற்கு வேட்டை?

---

மசினகுடி வாசகன் | செவ்வாய், காலை 6.20

கொன்றை அம்மா, உங்கள் வார்த்தையில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் நான் யானைக்கு மிக அருகில் வாழ்கிறவன். போன ஆவணியில் எங்கள் வாழையில் ஒரு பாதி ஒரே இரவில் போனது. தகரத்தைத் தட்டிக்கொண்டு விடிய விடிய நின்றோம். யானை மேல் எனக்கு வெறுப்பு இல்லை. சின்ன வயதிலிருந்து கும்பிட்டுப் பழகிய உருவம். ஆனால் அந்த இரவின் பயம் பேருந்தில் வந்து படம் எடுத்துப் போகிறவருக்குத் தெரியாது.

ஐயாவிடம் ஒரே கேள்வி. ஊர்க் காப்பகத்துக்கு வருமானம் வருகிறது என்கிறீர்கள். யாருடைய ஆடு செத்ததோ அவர் கைக்கு அது போகிறதா? அல்லது ஊர்ப் பணம் ஊருக்கு, நட்டம் மட்டும் அவருக்கா?

---

பாலைநடையன் | செவ்வாய், இரவு 8.15

தம்பி, நல்ல இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். நேர்மையாகச் சொன்னால், அங்கே இன்னும் தீராத வழக்கு அதுதான்.

என் வேலையில் நான் கண்ணால் கண்டது இது. யானைக்குத் தாகம் எடுத்தால் சிமெண்ட் தொட்டியின் விளிம்பை உதைத்து உடைக்கும், காற்றாலையின் குழாயைப் பிடுங்கும். ஒரு தடவை நான் போனபோது இரும்புக் குழாய் சேமியாவைப் போல வளைந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு பெண்மணி நான்கு நாளாக ஆடுகளுக்குத் தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அழவில்லை, திட்டவும் இல்லை. "எத்தனை மணிக்கு முடியும்?" என்று மட்டும் கேட்டார். பிறகு பல இடங்களில் தொட்டியைச் சுற்றி ஆள் உயரத்துக்குப் பாறைச் சுவர் எழுப்பினார்கள், யானைக்கென்று தனிக் குட்டையும் கட்டினார்கள். அந்தச் செலவில் ஒரு பங்கு காப்பகப் பணத்திலிருந்து வந்தது.

செத்த மாட்டுக்கும் அழிந்த பயிருக்கும் ஒரு தொகை உண்டு. ஆனால் அரசு அதை நட்ட ஈடு என்று சொல்வதில்லை, சந்தை விலை கிடைப்பதும் இல்லை. கிடைத்த தொகை போதவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆக, ஆம் தம்பி, நட்டம் இன்னும் பெரும்பாலும் ஒரு வீட்டின் தலையில்தான் விழுகிறது. இதைச் சரிசெய்யாமல் எந்த ஏற்பாடும் நிலைக்காது என்று நானும் நினைக்கிறேன்.

கொன்றை அம்மாவுக்கு: பிலானெஸ்பெர்க் உண்மை, மறுக்க மாட்டேன். எந்த வயது யானையை எத்தனை சுடலாம் என்பதில் பேராசை புகுந்தால் பாதிப்புதான். ஆனால் கென்யா பற்றி ஒன்று. 1977க்கும் 2016க்கும் இடையில் அந்த நாட்டின் மேய்ச்சல் நிலங்களில் காட்டு விலங்குகள் சராசரியாக 68 சதவீதம் குறைந்தன என்று விமானக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். வேட்டை இல்லாத நாட்டில் இது நடந்திருக்கிறது.

கேமரா பற்றியும் சொல்ல வேண்டும். டோராவில் டமாராலேண்ட் முகாம் என்ற விடுதி இருக்கிறது. 1996இல் ஊரும் ஒரு சுற்றுலா நிறுவனமும் ஒப்பந்தம் போட்டுத் திறந்தது. அந்த வருமானம்தான் டோராவை நிமிர்த்தியது. 2003இல் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 630 நமீபிய டாலர் ரொக்கமாகக் கொடுத்தார்கள். அதனால் கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் விமானத்தில் வந்து இறங்கும் விருந்தினருக்கு அழகான மலையும் நல்ல சாலையும் வேண்டும். கண்ணுக்கு எட்டிய வரை ஒரே முட்புதரான ஒரு காப்பகத்துக்கு யார் வருவார்கள்? 2020இல் கொரோனா வந்தபோது விடுதிகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. காவலர்களின் சம்பளத்துக்கு அவசர நிதி திரட்ட வேண்டியதாயிற்று.

---

கொன்றை | செவ்வாய், இரவு 10.30

கென்யாவின் 68 சதவீதத்தை வேட்டைத் தடையின் தலையில் கட்டுவது சரியா ஐயா? அதே ஆய்வு மக்கள்தொகைப் பெருக்கம், வேலி போட்டுத் துண்டாடிய நிலம், பெருகிய ஆடுகள், வறட்சி எல்லாவற்றையும் காரணமாகச் சொல்கிறது. தடை இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் குறைந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்?

---

பாலைநடையன் | செவ்வாய், இரவு 10.52

சரிதான். ஒரே காரணம் என்று நான் எழுதியிருந்தால் தவறு. இவ்வளவுதான் சொல்ல வந்தேன்: தடை ஒன்றே காக்காது. தன் நிலத்தில் மேயும் வரிக்குதிரையால் ஒரு காசு வராது, ஆனால் கோதுமை போட்டால் வரும் என்றால், மசாய் விவசாயி எதைத் தேர்ந்தெடுப்பார்? கென்யாவின் மசாய் மாரா வனப்பகுதியைச் சுற்றி இப்போது நில உரிமையாளர்களுக்கு மாதா மாதம் குத்தகை கொடுத்து விலங்குக்கு இடம் விடச் செய்கிறார்கள். அதுவும் உரிமை வழி வந்த ஏற்பாடுதான், அங்கே ஒரு தோட்டாகூட வெடிப்பதில்லை.

---

கணக்குப்பிள்ளை | புதன், மதியம் 1.10

இந்த இழையில் இதுவரை ஜிம்பாப்வே வராதது ஆச்சரியம். இந்த வகைத் திட்டங்களில் முன்னோடி அதுதான், பாடமும் அதில்தான் நிறைய.

1975 சட்டம் தனியார் நிலக்காரர்களுக்கு விலங்கின் மீது அதிகாரம் கொடுத்தது. நமீபியாவைப் போலவே, வெள்ளையருக்கு மட்டும். விடுதலைக்குப் பிறகு 1982இல் திருத்தினார்கள். ஆனால் அதிகாரம் ஊருக்குப் போகவில்லை, மாவட்டக் கவுன்சிலுக்குப் போனது. 1989இல் கேம்ப்ஃபயர் திட்டம் நியாமிநியாமி, குருவே என்ற இரண்டு மாவட்டங்களில் தொடங்கியது. வேட்டைக்காரர் கட்டும் பணம் கவுன்சில் கணக்கில் விழும். கவுன்சில் நிர்வாகச் செலவு, வரி, இன்னொன்று, மற்றொன்று என்று பிடித்துக்கொண்டு மிச்சத்தை ஊருக்கு அனுப்பும். அனுப்பினால் உண்டு.

ஜிம்பாப்வே பல்கலைக்கழகத்தின் மார்ஷல் மர்ஃப்ரீ இதைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதினார். அவர் சொன்னதன் சாரம்: விலங்கோடு வாழ்ந்து செலவைச் சுமக்கிறவரிடமே முடிவும் வருமானமும் இருக்க வேண்டும், நடுவில் வேறு கை வரக் கூடாது. அப்படிக் கை வராத சில ஊர்களில் நன்றாகவே நடந்தது. கொனரேசூ பூங்காவுக்காக வெளியேற்றப்பட்ட ஷங்கான் மக்களின் மஹேன்யே அதில் ஒன்று. 'பூங்காவின் மிருகம் எங்கள் சோளத்தைத் தின்கிறது, நாங்கள் அந்த மிருகத்தைத் தின்றால் குற்றமா' என்று கேட்டுக்கொண்டிருந்த ஊர். வேட்டை வருமானம் நேராக அவர்கள் கைக்கு வர ஆரம்பித்ததும் அவர்களே கள்ளவேட்டையை அடக்கினார்கள். பிறகு அதே ஊரிலேயே தலைமைக் குடும்பம் குழுவைக் கைப்பற்றியது, கணக்கு இருட்டுக்குப் போனது, மக்களின் ஆர்வமும் போனது. அந்தச் சரிவையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

2007இல் புதிய நெறிமுறை வந்தது. வேட்டை நிறுவனம் ஊரின் வங்கிக் கணக்கில் நேரடியாகக் கட்ட வேண்டும், வருமானத்தில் 55 சதவீதம் ஊருக்கு. பாதிக்குச் சற்று மேல். அதற்கே பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஒரு நிறுவனத்தைப் பார்த்தால் முதலில் காசோலையில் கையெழுத்துப் போடுவது யார் என்றுதான் பார்ப்பேன். நமீபியாவில் வேட்டை ஒப்பந்தத்தில் காப்பகக் குழுவே கையெழுத்துப் போடுகிறது. கேம்ப்ஃபயரில் பல காலம் கவுன்சில் போட்டது. இரண்டு நாடுகளின் கதையும் வேறு வேறாகப் போனதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

---

ஏரிக்கரை | புதன், மாலை 7.45

கணக்குப்பிள்ளை அவர்கள் சொன்ன 'கையெழுத்து' என்ற இடத்திலிருந்து தொடர்கிறேன். நான் சட்டம் படித்தவள், பழங்குடி உரிமை வழக்குகளைத் தொடர்ந்து கவனிக்கிறேன். 'வேட்டை வேண்டுமா வேண்டாமா' என்று நாம் கட்சி பிரிந்து நிற்பதால் ஒரு விஷயம் பார்வையிலிருந்து தப்புகிறது.

போட்ஸ்வானாவைப் பாருங்கள். மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகத்திலிருந்து சான் பழங்குடி மக்களை 1997இலும் 2002இலும் வெளியேற்றினார்கள். ரோய் செசானா முதலானோர் வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம், அவர்களை நிலத்திலிருந்து அகற்றியதும் சிறப்பு வேட்டை உரிமம் கொடுக்க மறுத்ததும் சட்டத்துக்குப் புறம்பு என்றது. வென்றார்கள். ஆனாலும் உரிமம் கைக்கு வரவில்லை. குடிநீர்க் கிணற்றுக்காக இன்னொரு வழக்கு நடத்தி 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வெல்ல வேண்டியிருந்தது. 2014இல் அதிபர் இயன் காமா நாடு முழுக்க வேட்டையைத் தடை செய்தார். தனியார் விலங்குப் பண்ணைகளுக்கு விலக்கு. வில்லும் ஈட்டியுமாகப் பல ஆயிரம் ஆண்டுகளாக வேட்டையாடி வாழ்ந்த சான் மக்களுக்கு விலக்கு இல்லை.

2019இல் அதிபர் மசீசி தடையை நீக்கினார். அந்த முடிவைச் சிலர் கொண்டாடினார்கள், சிலர் தூற்றினார்கள். தடை போட்டபோதும் எடுத்தபோதும் கலஹாரி சான் மக்களின் கையில் எதுவும் இல்லை. நான் கேட்பது அதைத்தான்.

நமீபியாவும் இதில் சுத்தமில்லை. எட்டோஷா தேசியப் பூங்காவிலிருந்து ஹைஓம் சான் மக்கள் 1954இல் துரத்தப்பட்டார்கள். விடுதலைக்குப் பிறகும் அந்த நிலம் திரும்பவில்லை. அவர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2022இல் தள்ளுபடியானது. காப்பகங்களின் வெற்றியைப் பேசுகிற பிரசுரங்களில் இது இடம்பெறுவதில்லை.

---

கிளிமஞ்சாரோ நிழல் | புதன், இரவு 9.20

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன், எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நான் தான்சானியாவில், அருஷாவில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன்.

லோலியோண்டோவைப் பற்றி யாராவது பேச வேண்டும். செரெங்கெட்டிக்குக் கிழக்கே, மசாய் மக்களின் கிராம நிலம். 1992 முதல் அந்தப் பகுதியின் வேட்டை உரிமம் ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த ஒரு நிறுவனத்திடம். 2009இல் மசாய் குடிசைகளை எரித்தார்கள். 2022 ஜூனில் 1,500 சதுர கிலோமீட்டருக்கு எல்லைக்கல் நட்டு அரசு வனவிலங்குக் காப்பகமாக்கினார்கள். மேய்ச்சலுக்கு இனி இடமில்லை என்றார்கள். மக்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு காவலர் இறந்தார், பலர் காயம்பட்டார்கள், நூற்றுக்கணக்கானோர் எல்லை தாண்டிக் கென்யாவுக்கு ஓடினார்கள். அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு மசாய்ப் பெண் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே நடந்துகொண்டிருந்தாள். அவளுடைய தம்பி எங்கே என்று மூன்று நாள் தெரியவில்லை. பிறகு கிடைத்தான், காலில் காயத்தோடு.

இவர்களுடைய தாத்தா பாட்டிகள் 1959இல் செரெங்கெட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள். அப்போது 'விலங்குக்காக' என்றார்கள், இப்போதும் 'விலங்குக்காக' என்கிறார்கள்.

பாலைநடையன் அண்ணா காட்டும் ஊரில் வேட்டைக்காரர் ஊரிடம் வந்து அனுமதி கேட்கிறார். நான் பார்க்கிற ஊரில் வேட்டைக்காகவே ஊரை விரட்டுகிறார்கள். இரண்டையும் ஒரே பெயரால் அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

---

கொன்றை | வியாழன், காலை 7.30

கிளிமஞ்சாரோ, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள்?

எனக்குள் ஒரு குழப்பம் வந்திருக்கிறது, வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். 'வேட்டையைத் தடை செய்' என்று கையெழுத்து இயக்கங்களில் நானும் கையெழுத்துப் போட்டவள். 2015இல் ஹுவாங்கே பூங்காவுக்கு வெளியே செசில் என்ற சிங்கத்தைக் கொன்றபோது இரவு முழுக்கத் தூங்கவில்லை. இன்றும் அதைச் சுட்ட அமெரிக்கப் பல் மருத்துவர் செய்ததை ஏற்க மாட்டேன். ஆனால் நான் கையெழுத்துப் போட்ட மனுக்களில் ஒன்றில்கூட ஹுவாங்கே ஓரத்து ஊர்க்காரர் ஒருவரின் பெயரைப் பார்த்த நினைவு இல்லை. அது உறுத்துகிறது.

கேள்வி இது. லண்டனிலோ பெர்லினிலோ போடும் வேட்டைப் பொருள் இறக்குமதித் தடையால் லோலியோண்டோ போன்ற அநியாயம் நிற்குமா? நிற்குமென்றால் டோராவும் சேர்ந்து அடிபடட்டும் என்று நான் சொல்லலாமா?

---

ஏரிக்கரை | வியாழன், காலை 11.00

கொன்றை, லோலியோண்டோவில் நிலத்தைப் பிடுங்கியது அந்த நாட்டு அரசு. இறக்குமதித் தடை அந்த நிலத்தைத் திருப்பித் தராது. நீதிமன்றமும் அரசியலும் தர வேண்டும். கென்யாவின் ஓகியெக் மக்கள் மாவ் காட்டுக்காக ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2017இல் வென்றார்கள். 2022இல் இழப்பீடும் நிலப் பட்டாவும் கொடுக்க உத்தரவாயிற்று. அமல்படுத்துவதற்காக இன்னும் போராடுகிறார்கள். அந்த வழிதான் நீண்டது, ஆனாலும் அதுவே வழி.

பிரிட்டனில் வேட்டைப் பொருள் இறக்குமதித் தடை மசோதா 2023இல் மக்களவையில் நிறைவேறி, பிரபுக்கள் சபையில் நின்றுபோனது. ஜெர்மனியும் கட்டுப்பாட்டை இறுக்க முனைந்தது. 2024 ஏப்ரலில் மசீசி ஜெர்மனிக்கு இருபதாயிரம் யானை அனுப்புகிறேன், எங்களைப் போல் நீங்களும் அதோடு வாழ்ந்து பாருங்கள் என்றார். போட்ஸ்வானாவில் ஏறத்தாழ ஒரு லட்சத்து முப்பதாயிரம் யானைகள். அவர் பேச்சைக் கேட்டுப் பலர் சிரித்தார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே விடாத ஊர்களில் அது சிரிப்பாக இருந்திருக்காது.

சர்வதேசத் தந்த வணிகத்தை 1989இல், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் (CITES) ஒப்பந்த நாடுகளின் லோசான் மாநாட்டில் தடை செய்தார்கள். 1997இல் தென்பகுதி நாடுகள் மூன்றுக்குத் தளர்வு கிடைத்தது. இருப்பிலிருந்த தந்தத்தை 1999இல் ஜப்பானுக்கும், 2008இல் ஜப்பானுக்கும் சீனாவுக்கும் விற்றார்கள். 2008 விற்பனை கள்ளவேட்டையைத் தூண்டியதா என்பது இன்றும் சண்டை. தந்த வணிகத்தில் கொன்றையின் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. விற்கலாம் என்றதும் கள்ளச் சரக்கு அதற்குள் ஒளிந்துகொள்கிறது. ஆனால் இந்த மாநாடுகளில் ஓட்டுப் போடுவது அரசுகள் மட்டும். 2016 ஜோஹன்னஸ்பர்க் மாநாட்டில் ஊரக மக்களுக்கென ஒரு நிரந்தரக் குழு வேண்டும் என்று சில ஆப்பிரிக்க நாடுகள் கேட்டன. குழு அமையவில்லை, ஆராய ஒரு பணிக்குழு போட்டார்கள்.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 2022 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் குனோ பூங்காவுக்கு வந்த எட்டு சிவிங்கிப்புலிகள் நமீபியாவிலிருந்து வந்தவை. அதே ஆண்டு நவம்பரில் பனாமா மாநாட்டில் தந்த விற்பனை பற்றிய வாக்கெடுப்பில் இந்தியா முதல் முறையாக வாக்களிக்காமல் ஒதுங்கியது. இரண்டுக்கும் முடிச்சு உண்டா என்று நம் பத்திரிகைகள் கேட்டன, அரசு மறுத்தது. அதைவிட எனக்கு முக்கியமாகத் தெரிந்தது வேறு: குனோ ஓரத்துச் சஹாரியா பழங்குடி மக்களிடம் யாராவது கேட்டார்களா என்பது.

---

பாலைநடையன் | வியாழன், இரவு 9.00

கிளிமஞ்சாரோ சகோதரி, நீங்கள் எழுதியதற்கு நான் பதில் சொல்ல ஒன்றுமில்லை. ஒப்புக்கொள்கிறேன். வேட்டை உரிமம் ஊரின் கையில் இருந்தால் ஒன்று, அரசின் கையில் இருந்து விற்கப்பட்டால் வேறொன்று.

நான் மெச்சுகிற நமீபியச் சட்டத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அது விலங்கின் மீதும் சுற்றுலாவின் மீதும் உரிமை கொடுத்தது, நிலத்தின் மீது கொடுக்கவில்லை. பொது நிலம் இன்னும் அரசுடையது. கிழக்கே நையே நையேயில் ஜுஹோவான்சி சான் மக்கள் வாழ்கிறார்கள். நாட்டின் முதல் ஊர்க் காப்பகம். யானை வேட்டையின் வருமானம் அங்கே உறுப்பினர் கைக்கு ரொக்கமாகப் போகிறது, இறைச்சி ஊர்களுக்குப் போகிறது. நரி, கழுதைப்புலி முந்துவதற்குள் வெட்டிக் கூறு போட வேண்டும். ஒரு யானையில் பல ஊர்களுக்குக் கூறு கிடைக்கும். எலும்பு மட்டும் மிஞ்சும். ஆனால் 2009இல் கால்நடை நோய்த் தடுப்பு வேலியை அறுத்துக்கொண்டு வெளியாட்கள் மாட்டுக் கூட்டத்தோடு உள்ளே வந்தார்கள். அவர்களை வெளியேற்றும் அதிகாரம் காப்பகத்துக்கு இல்லை. அரசிடம் மனு எழுதிக் காத்திருந்தார்கள். அப்படி நுழைந்தவர்களும் நிலம் இழந்த ஏழை ஹெரேரோக்கள்தான் என்பது இன்னொரு வேதனை. மானைச் சுட அனுமதி கொடுக்க முடிகிறவருக்குத் தன் மேய்ச்சல் வெளியில் யார் நுழைவது என்று சொல்ல முடியவில்லை. கென்யாவின் வடக்கே இசியோலோவில், 'சமூகக் காப்பகம்' என்ற பெயரில் மக்கள் சம்மதம் இல்லாமலே அமைத்தவை செல்லாது என்று 2025 ஜனவரியில் நீதிமன்றம் சொன்னதையும் இதோடு சேர்த்தே படிக்க வேண்டும். பெயர்ப்பலகையில் சமூகம் என்று எழுதினால் போதாது.

வடமேற்கிலும் நிலைமை இறங்கிவிட்டது. 2012க்குப் பிறகு நீண்ட வறட்சி. ஸ்பிரிங்பாக், ஓரிக்ஸ் மான்கள், வரிக்குதிரை எல்லாம் மளமளவென்று குறைந்தன, சுடும் எண்ணிக்கையையும் குறைத்தார்கள். இரை குறைந்ததும் சிங்கம் ஆட்டுப் பட்டிக்குள் வருகிறது. 2024 ஆகஸ்டில் அரசு 723 விலங்குகளைச் சுட்டு இறைச்சியைப் பஞ்சம் பாதித்த மக்களுக்குக் கொடுப்பதாக அறிவித்தது. அதில் 83 யானை. அது அரசு முடிவு, ஊர் முடிவு இல்லை. வெளிநாட்டில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டார்கள்.

---

மசினகுடி வாசகன் | வெள்ளி, காலை 6.45

ஐயா, ஊர் முடிவு என்கிறீர்களே, அது நடக்கும் விதத்தைக் கண்டிருக்கிறீர்களா? எங்கள் பக்கம் கிராம சபைக் கூட்டம் என்றால் கையெழுத்து நோட்டு மட்டும் வீடு வீடாக வரும்.

---

பாலைநடையன் | வெள்ளி, இரவு 8.30

கண்டிருக்கிறேன் தம்பி. ஊர்ப் பெயர் வேண்டாம். பம்பு வேலைக்குப் போன இடத்தில் ஆண்டுக் கூட்டம் நடந்தது, இரண்டு நாள். காலை எட்டு மணிக்குத் தொடங்கும் என்றார்கள், லாரிகள் வந்து சேர மதியம் ஆனது. ஒருவர் டமாரா மொழியில் பேச, ஒருவர் ஹெரேரோவில் சொல்ல, இன்னொருவர் ஆஃப்ரிகான்சில் சொல்ல வேண்டும். ரீம்வாஸ்மாக் என்ற தென்னாப்பிரிக்க ஊரிலிருந்து 1970களில் அரசு பெயர்த்துக் கொண்டுவந்து போட்ட குடும்பங்கள் அந்தப் பக்கம் உண்டு, அவர்கள் மொழி அது. ஒவ்வொரு வாக்கியமும் மூன்று தடவை. யாரும் அவசரப்படவில்லை.

காவலர்கள் தங்கள் பதிவேட்டை விரித்து வைத்தார்கள். அங்கே ஒவ்வொரு காவலரும் ஒரு சின்ன மஞ்சள் குறிப்பேடு வைத்திருப்பார். சிறுத்தை ஆடு பிடித்தால் ஒரு பதிவு, கண்ணியைக் கண்டால் ஒரு பதிவு. மாதக் கடைசியில் அதை நீலத் தாளில் கட்டம் கட்டமாக நிரப்புவார்கள், ஆண்டு முடிவில் சிவப்புத் தாளில். மஞ்சள், நீலம், சிவப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் எந்த மாதம் கட்டம் உயரமாக இருக்கிறது என்று பார்த்துச் சொல்லலாம். அந்தத் தாள்கள் ஊரிலேயே இருக்கும். அரசு பிரதி எடுத்துக்கொண்டு போகும்.

ஒரு வயதான அம்மா எழுந்து, போன ஆண்டு இறைச்சிக் கூறு தங்கள் பக்கத்துக்கு வந்து சேர்ந்தபோது கெட்டுப்போயிருந்தது, வண்டி ஏன் தாமதம், டீசல் பணம் எங்கே என்று கேட்டார். குழுத் தலைவர் ஏதோ சொன்னார். "ரசீதைக் காட்டு" என்றார் அந்த அம்மா. மூன்று மொழியிலும் அதைச் சொன்னார்கள். ரசீது இல்லை. அடுத்த நாள் நடந்த தேர்தலில் அந்தத் தலைவர் தோற்றுப்போனார்.

பிறகு யானைப் பேச்சு. தொட்டியை மூன்று தடவை உடைத்த ஓர் ஆண் யானையை அந்த ஆண்டு வேட்டை ஒதுக்கீட்டில் சேர்க்க வேண்டும் என்று ஒரு பக்கம். விடுதிக்கு வருபவர்கள் அதைப் பார்க்கவே வருகிறார்கள், சுட்டால் எங்கள் பிள்ளைகளின் வேலை போகும் என்று இன்னொரு பக்கம். பொழுது சாயும் வரை சத்தம். கடைசியில் சுடவில்லை, தொட்டிக்குச் சுவர் எழுப்ப விடுதி வருமானத்திலிருந்து எடுக்கலாம் என்று கை தூக்கினார்கள்.

---

கொன்றை | வெள்ளி, இரவு 9.15

அந்த யானை இன்னும் இருக்கிறதா ஐயா?

---

பாலைநடையன் | வெள்ளி, இரவு 9.40

நான் ஊர் திரும்பும் வரை இருந்தது. கடைசியாக 2012 மே மாதம் பார்த்தேன், அதே சுவருக்கு வெளியே, தனிக் குட்டையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. இடது காதில் பெரிய கிழிசல். அதற்குப் பிறகு அந்த ஊர் என்ன முடிவு செய்தது என்று எனக்குத் தெரியாது அம்மா.

---

கிளிமஞ்சாரோ நிழல் | சனி, காலை 8.05

கொன்றை, அந்தப் பெண்ணைப் பற்றி வியாழனன்று நீங்கள் கேட்டதற்குப் பதில்: அவள் நலமாக இருக்கிறாள். தம்பி ஊன்றுகோலோடு நடக்கிறான். மாடுகளில் பாதியை விற்றுவிட்டார்கள், மேய்க்க இடமில்லை. இந்த இழையில் வந்த ஓகியெக் வழக்கைப் பற்றி அவளிடம் சொன்னேன். தீர்ப்பின் சுவாஹிலி வடிவம் கிடைக்குமா என்று கேட்டாள். ஏரிக்கரை, உங்களிடம் இருந்தால் அனுப்ப முடியுமா?